அத்தைக்குக் காற்று பிரிந்த கதை

"கேஸ் போச்சாம்மா?"

டாக்டர் கதவருகே நின்றபடியே கேட்டார். உயரமான இளைஞர், குரலும் அதே உயரம். செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று, பதில் என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்தார்.

கட்டிலில் படுத்திருந்த என் மாமியார் சரோஜா அம்மாள் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

டாக்டர் கிட்டே வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இன்னொரு பக்கம் வைத்துக் கேட்டார். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"குடல் சத்தம் நல்லா வருது சார். வயிறும் உப்பல. ஆனா கேஸ் போகலைங்கிறாங்க. எனக்கே புரியல."

மறுநாள் காலை வரை பார்ப்போம் என்றார். அதற்குள் போகவில்லை என்றால் மூக்கு வழியாக ஒரு குழாய், ஒரு ஸ்கேன். அதிலும் தெளிவாகவில்லை என்றால் மறுபடி திறந்துதான் பார்க்க வேண்டும். "சுகர் வேற இருக்கு. ரெண்டாவது வாட்டி திறக்கிறதுல எனக்கு இஷ்டமே இல்ல" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். அவருடைய மெதுவே அறைக்குள் கேட்கும்.

அத்தைக்குக் குடலிறக்கம். அதைப் பல வருஷமாக யாருக்கும் சொல்லாமல் சேலைக் கொசுவத்துக்குள் மறைத்து வைத்திருந்தார். ஒருநாள் கடையில் முட்டைக்கோஸ் மூட்டையைத் தூக்கப் போக, குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் காற்று பிரிகிறவரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றக் கூடாது. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கலாம், அவ்வளவுதான். குடல் மறுபடி வேலை செய்கிறது என்பதற்கு அந்தக் காற்றுதான் சாட்சி.

அந்தச் சாட்சிக்காக ஒரு குடும்பமே காத்துக்கொண்டிருந்தது.

புயல் நிலவரம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாகப் பூப்படங்களும் காலை வணக்கங்களும்தான் ஓடும். அந்த வாரம் ஒரே கேள்விதான் ஓடியது. கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போன மச்சினன் முறைப் பையன் ஒருவன்தான் ஆரம்பித்து வைத்தான். "மாமா, இன்னும் கரையைக் கடக்கலையா?"

மழைக்காலம் அது. வங்காள விரிகுடாவில் எது கிளம்பினாலும் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிப் பழக்கம். உடனே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நகராமல் ஒரே இடத்தில் நிலைகொண்டிருக்கிறதா, வலுவிழந்துவிட்டதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு பெரியம்மா மட்டும் எதுவும் புரியாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருக்கும்படி எல்லோருக்கும் எழுதினார்.

நான் சிரிக்கவில்லை. ஈரப் பஞ்சைச் சப்பக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருக்கிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு வராது. திருக்கழுக்குன்றத்து மலைக்கு நடந்து ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஆண்டவனிடம் என்ன கேட்கிறேன் என்பதை மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

நடுவில் ஒரு ஆள் வேண்டும்

இங்கே எங்கள் வீட்டு முறையைச் சொல்லியாக வேண்டும். அத்தைக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் என் மனைவி அமுதா இருப்பாள். நான் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். அத்தை கரண்டியோடு இரண்டடி தூரத்தில் நிற்பார். "அமுதா, மாப்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். அமுதா அடுத்த அறையிலிருந்து, "வேணுமா?" என்பாள். நான் அமுதாவிடம், "கொஞ்சம்" என்பேன். கரண்டி இறங்கும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் நடைமுறை. நான் நுழைந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். என் முன்னால் தும்மக்கூட மாட்டார். தும்மல் வந்தால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார்.

அப்படிப்பட்டவர் வாயில்லாப்பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் அவருக்குக் காய்கறிக் கடை. கல்பாக்கம் குடியிருப்பு வீடுகளிலிருந்து மாமல்லபுரத்து ஓட்டல்கள் வரை அவருடைய சரக்குதான். ஒருநாள் நான் ஆங்கிலம் நடத்தும் கல்லூரி சீக்கிரம் விட்டுவிட, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போயிருந்தேன். வாழைத்தார்களுக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. ஓட்டல் வேன் டிரைவர் ஒருவர் தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, தக்காளிய அமுக்கி அமுக்கிப் பாத்துகினு கீற? உன் மூஞ்சிய எவனாவது இப்டி அமுக்கிப் பாத்து எடுத்தானா?"

அது ஆரம்பம்தான். அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை இந்த வார இதழில் போட மாட்டார்கள். டிரைவரின் தாத்தா வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். மார்க்கெட்டே வேலையை நிறுத்திவிட்டு ரசித்தது. நானும் வாழைத்தாரைப் பிடித்துக்கொண்டு ரசித்தேன். அப்போது அவர் பார்வை என் மேல் விழுந்தது. உடனே முந்தானை தோளைச் சுற்றியது, கண் தரையைப் பார்த்தது, குரல் எங்கோ போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரரிடம், "மாப்ளய உக்காரச் சொல்லு அண்ணாத்த" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

அந்த முதல் குரலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மறுபடி கேட்கக் கிடைக்காதா என்று பல வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன்.

ஆபரேஷன் நேரத்தில் அமுதா ஓசூரில் இருந்தாள். எங்கள் மகளுக்கு அங்கே பிரசவம். நகர முடியாது. பகலில் அத்தையைத் துடைத்துவிட, கழிப்பறைக்குக் கூட்டிப் போக ஓர் ஆயாவை ஏற்பாடு செய்திருந்தோம். மற்றபடி ஆள் நான்தான். மாப்பிள்ளை பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நாற்காலியை விட்டு நகரவில்லை. டீ குடிக்க மட்டும் கீழே போவேன்.

அமுதா போனில் கூப்பிடுவாள். நான் ஸ்பீக்கரில் போட்டு அத்தையின் காதருகே பிடிப்பேன்.

"அம்மா, காத்து பிரிஞ்சிதா?"

அத்தை ஃபேனைப் பார்ப்பார்.

வயசான வார்த்தை

அது இரண்டு கட்டில் உள்ள அறை. நடுவில் பச்சைத் திரை. பக்கத்துக் கட்டிலில் ஸ்டெல்லா என்று ஒரு பெண், நாற்பது வயசு இருக்கும். கேளம்பாக்கத்தில் ஒரு பெரிய ஐடி கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பித்தப்பையை எடுத்திருந்தார்கள். அவருக்கு மறுநாளே காற்று பிரிந்துவிட்டது. கணவருக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த வேளையே அவருக்கு இட்லி வந்தது. அந்த வாசனை திரையைத் தாண்டி வந்தபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் கெடு வைத்துவிட்டுப் போன அன்று மதியம், ஸ்டெல்லா திரையை விலக்கிக் கேட்டார்.

"சார், நீங்க இங்கிலீஸ் புரொபசர்தான? ஒண்ணு கேக்கலாமா? எங்க ஆபீஸ்ல பசங்க எப்ப பாத்தாலும் ஃபார்ட்டு ஃபார்ட்டுன்னு சொல்லி சிரிச்சிகினு கீறாங்க. அது நம்ம இது தான? கெட்ட வார்த்தையா சார்?"

நான் ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் சொல்லின் வயசைப் பற்றி ஒருவர் கேட்டு, நான் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

"கெட்ட வார்த்தை இல்லம்மா. வயசான வார்த்தை."

ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் சொல்கிற கேஸ் சின்னப் பிள்ளை. சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு மருத்துவர், கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்கு ஒரு பேர் வேண்டும் என்று உட்கார்ந்து உண்டாக்கிய சொல். உலகம் உண்டாவதற்கு முந்தைய குழப்பத்துக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த கேயாஸ் என்ற பேரை மனதில் வைத்து அதைச் செய்தாராம். நாம் அதை அடுப்புக்கும் வைத்துக்கொண்டோம், வயிற்றுக்கும் வைத்துக்கொண்டோம்.

ஃபார்ட் அப்படி இல்லை. அதை யாரும் உட்கார்ந்து உண்டாக்கவில்லை. ஆங்கிலம் என்று ஒரு மொழி தனியாகப் பிரிவதற்கு ரொம்ப முன்னாலேயே அது இருந்தது. சமஸ்கிருதத்தில் பர்த் என்று ஒரு வேர் இருக்கிறது, அதே பொருள். கிரேக்கத்திலும் பெர்த் என்று வரும், அதே காரியம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இங்கே ப என்று இருப்பது அங்கே ஃப ஆகிவிடும். நம் காதுக்குப் பழகின பிதா அங்கே ஃபாதர். பாதம் அங்கே ஃபுட். பஞ்ச அங்கே ஃபைவ். பர்த் அங்கே ஃபார்ட்.

"அப்பா, காலு, அஞ்சு, அப்பறம் இதுவா?" என்றார் ஸ்டெல்லா.

"ஆமாம். அதெல்லாம் எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. எல்லாரும் விட்டதுதானே? ராஜாவும் விட்டான், அவனுக்கு விசிறினவனும் விட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வைத்த பேர்தான்னு சொல்றாங்க."

வகுப்பில் பல வருஷமாக பிதாவையும் பாதத்தையும் வைத்தே இந்தப் பாடத்தை ஓட்டியிருக்கிறேன். ஒருமுறை மட்டும், மதிய வகுப்பில் பாதிப் பேர் தூங்கி விழுவதைப் பார்த்துவிட்டு இந்த உதாரணத்தை எடுத்துவிட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து உட்கார்ந்தார்கள். பரீட்சையில் எல்லோரும் இதைத்தான் எழுதினார்கள், ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை.

ஸ்டெல்லா தையலில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க, எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. கடைசிச் சரக்கையும் எடுத்தேன்.

"இந்தக் குடும்பத்துல ஒரு பறவைகூட இருக்கு. பார்ட்ரிட்ஜ்னு இங்கிலீஷ்ல பேர். கிரேக்கத்துல அதுக்கு பெர்டிக்ஸ். அதுவும் இதே வேர்லேர்ந்து வந்திருக்கும்னு சொல்றாங்க. திடீர்னு ரெக்கையடிச்சுக் கிளம்பும்போது அந்த மாதிரி சத்தம் வருமாம்."

ஸ்டெல்லாவின் சிரிப்பு அடங்கியது. பிறகு சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஸ்டெல்லாம்மா. அது இன்னா பறவைன்னு மாப்ளகிட்ட கேளு."

கௌதாரி

ஸ்டெல்லாவுக்கு எங்கள் வீட்டு முறை யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர் ஒரு நொடி தயங்கவில்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, "சார், அது இன்னா பறவைன்னு கேக்குறாங்க" என்றார்.

"கௌதாரின்னு சொல்லுங்க."

"கௌதாரியாம்மா."

"கௌதாரியா?" அத்தை மெல்லத் திரும்பி மல்லாந்து படுத்தார். "எங்க கழுக்குன்றத்து அடிவார நெலத்துல அது நெறய இருந்திச்சி. பக்கத்துல போற வரிக்கும் மூச்சு வுடாது. கல்லாட்டம் குந்திகினு இருக்கும். காலு கிட்டக்க போனதும் பர்ர்ருனு கெளம்பும் பாரு, குலையே நடுங்கிப்பூடும். மாப்ள சொல்றது நெசம்தான்னு சொல்லு."

"நெசம்தானாம் சார்."

இவ்வளவு நீளமாக அவர் என் காதுபடப் பேசி நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேனோ என்று சும்மா இருந்தேன். கீழே ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர் திருக்கழுக்குன்றத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லாம்மா."

"சொல்லும்மா."

"அது நேத்து சாங்காலமே போய்ட்சின்னு மாப்ளகிட்ட சொல்லு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. "சார், நேத்து சாங்காலமே போய்ட்சாம்."

ஸ்டெல்லா பக்கம் திரும்பினேன். "எப்போன்னு கேளுங்க" என்றேன்.

"நீங்க டீ குடிக்கப் போனப்போவாம். நான் அப்ப வராந்தால நடந்துகினு இருந்தேன் சார், எனக்குத் தெரியாது."

"ஏன் சொல்லலைன்னு கேளுங்க."

இந்தக் கேள்வி ஸ்டெல்லா வழியாகப் போகக் காத்திருக்கவில்லை. அத்தை ஃபேனிடம் நேராகவே பதில் சொன்னார்.

"எப்டி சொல்றது? டாக்டரு வந்து கேக்கறப்பலாம் மாப்ள பக்கத்துலயே நின்னுகினு கீறாரு. பொண்ணு போன்ல கேட்டா, போனப் புடிச்சிகினு கீறதும் அவருதான். அவரு எதுருல வாயத் தொறந்து போய்ட்சின்னு சொல்லிட்டு, அப்பறம் அவரு மொகத்துல எப்டி முழிக்கறது? அவங்க வூட்டு ஜனம் இன்னா நெனைக்கும்?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூக்கில் குழாய், ஸ்கேன், மறுபடி திறப்பது என்று டாக்டர் வராந்தாவில் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. நாக்கு வறண்டு, பக்கத்துக் கட்டில் இட்லி வாசனையில் கண்ணை மூடிக்கொண்டு, கத்திக்கும் தயாராகப் படுத்திருந்தார். எல்லாம் என் முன்னால் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காக. நான் நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்து பார்த்த பார்வைதான் அவர் வாயை அடைத்திருக்கிறது.

"ஸ்டெல்லா" என்றேன். "அத்தைகிட்ட சொல்லுங்க. ராஜாவும் விட்டான். மாப்பிள்ளையும் விடறான். தினமும்."

ஸ்டெல்லா அதையும் ஒரு சொல் விடாமல் அப்படியே எடுத்துச் சொன்னார். அத்தை முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தையலு, தையலு" என்று சிரித்தார். நான் நர்ஸ் அறைக்கு ஓடினேன்.

கரையைக் கடந்தது

டாக்டர் படியேறி வந்து, வழக்கம்போலக் கதவருகே நின்றே கேட்டார். வராந்தாவில் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள்.

"கேஸ் போச்சாம்மா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் வெளியே போய்விடலாமா என்று எழுந்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு வந்தது அந்தக் குரல். வாழைத்தார்களுக்குப் பின்னால் நின்று நான் கேட்ட அதே புதுப்பட்டினம் குரல்.

"போய்ட்சி டாக்டரு. நேத்தே போய்ட்சி. இன்னிக்குக் காலைல பாத்ரூம்ல இன்னொரு தபா போச்சி, ஆயா சாட்சி, வெளிய சொல்லாதன்னு நான்தான் அதும் வாயக் கட்டி வெச்சேன். இப்ப தண்ணி குடுப்பீங்களா, இல்ல இன்னும் அதையே கேட்டுகினு இருப்பீங்களா?"

வராந்தாவில் யாரோ கை தட்டினார்கள். டாக்டர் அவ்வளவு பெரிய ஆள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். மறுபடி வயிற்றைக் கேட்டுவிட்டு, குழாயும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம் என்றார். முதல் ஸ்பூன் தண்ணீரை நான்தான் ஊற்றினேன். அத்தை அதை உடனே விழுங்காமல் வாயில் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கண்ணில் நீர் வந்தது, எனக்கும்தான்.

குடும்பக் குழுவில் மூன்று சொற்கள் எழுதினேன். "புயல் கரையைக் கடந்தது."

அதற்கு வந்த கொண்டாட்டம், பேரன் பிறந்ததற்குக்கூட வரவில்லை. ஓசூரிலிருந்து அமுதா அழுதுகொண்டே சிரித்தாள். பேர்கூடத் தெரியாத தூரத்துச் சொந்தங்கள் எல்லாம் பட்டாசுப் படம் அனுப்பினார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்ன பெரியம்மா, சேதாரம் ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்.

அடுத்த வாரமே மலையேறி வேண்டுதலை முடித்தேன். மேலே மூச்சு வாங்கிக்கொண்டு நின்று கீழே பார்த்தபோது, அத்தை சொன்ன அடிவார நிலம் எதுவாக இருக்கும் என்று தேடினேன். பாதி இடத்தில் மனைக் கல் நட்டிருந்தார்கள். மீதியில் புதர் இருந்தது. கௌதாரிக்கு அது போதும்.

புதுப்பட்டினத்தில் ஒரு காலை

அத்தை தேறி, மறுபடி கடையில் உட்கார ஆரம்பித்த பிறகு ஒருநாள் போயிருந்தேன். மூட்டை தூக்க ஆள் வைத்திருந்தார். நான் போனதும் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தராசைப் பிடித்திருந்தார். அமுதா வரவில்லை. பக்கத்துக் கடைக்காரரும் டீக்குப் போயிருந்தார். நடுவில் ஆள் யாரும் இல்லை.

வீட்டுக்குக் கொஞ்சம் கத்திரிக்காய் எடுக்கலாம் என்று குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாப்ள, கண்ணு தெரில? பாத்துப் பாத்து அத்தினியும் சொத்தையா எடுத்துகினு கீறீங்க? இதுக்கா இவ்ளோ படிச்சீங்க? வெய்யுங்க கீழ."

மீன் வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்திரிக்காயைக் கீழே வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மாமியார் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

தக்காளியை அழுத்திக்கொண்டிருந்த ஓட்டல் டிரைவர், "யாரு சரோஜாக்கா இவரு?" என்று கேட்டார்.

அத்தை நல்ல கத்திரிக்காயாகப் பொறுக்கி என் பையில் போட்டுக்கொண்டே, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

"எங்க மாப்ள. இங்கிலீஸ் புரொபசரு. கௌதாரிக்கு இங்கிலீஸ்ல ஏன் அந்தப் பேரு வந்திச்சின்னு கேளு, சொல்வாரு."